நானுஓயா கோவிலின் பழைய பதிவேடு

கனடாவில் இருக்கும் என் தம்பி மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அங்குள்ள பங்குத்தந்தை ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். வீட்டில் சட்டம் போட்டு வைத்திருக்கும் பழைய சான்றிதழ் செல்லாதாம். ஆறு மாதத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டுமாம். பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது நானுஓயாவில். "பெரியப்பா, நீங்கள்தான் போய் எடுத்து அனுப்ப வேண்டும்" என்றாள். பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் கழித்துவிட்டுக் கொழும்பில் ஓய்ந்திருக்கும் எனக்கு, பிறந்த ஊருக்குப் போக ஒரு காரணம் கிடைத்தது.

நானுஓயா என்றால் வெளியூர்க்காரருக்கு ரயில் நிலையம்தான். நுவரெலியாவுக்கு வருகிற பயணிகள் அங்கே இறங்கி, சுற்றிலும் நிற்கும் தேயிலையைப் படம் பிடித்துவிட்டு மலையேறிப் போய்விடுவார்கள். 1884-இல் அட்டனை எட்டிய இருப்புப் பாதை 1885-இல் நானுஓயாவைத் தொட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே பாதை போட்டதும், அதில் ஏற்றி அனுப்பத் தேயிலை பறித்ததும் எங்கள் முன்னோர்தாம்.

அதே காலத்தில்தான் இந்த மலைகளுக்கென்று கத்தோலிக்கத் திருச்சபையின் தனி நிர்வாகமும் உருவாயிற்று. 1883-இல் கண்டிப் பகுதி கொழும்பிலிருந்து பிரிக்கப்பட்டு, 1886-இல் மறைமாவட்டம் ஆயிற்று. சில்வெஸ்திரின் பெனடிக்டின் சபையைச் சேர்ந்த கிளமெந்து பஞ்ஞானி அதன் முதல் ஆயர். இத்தாலியிலிருந்து வந்த துறவிகளுக்கு வாய்த்த மந்தையில் பெரும்பகுதி, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து வந்த ஜனங்கள். சூசையப்பரையும் அந்தோனியாரையும் ஊரிலிருந்தே மூட்டையோடு கொண்டுவந்தவர்கள். ஆகவே இங்கே மிஷன் என்பது புதிதாக மதம் பரப்பியதைவிட, வந்து சேர்ந்தவர்களைத் தேடிப் போனதாகவே பெரிதும் இருந்தது.

சுவாமியார் எல்லாத் தோட்டங்களுக்கும் எல்லா ஞாயிறும் வர முடியாது. எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் மாதம் ஒரு பூசை நடந்தால் அது பெரிய காரியம். மற்ற நாட்களில் உபதேசியார்தான் செபமாலை சொல்லுவார், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பார், சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் நிற்பார். ஆலயத்துக்கு நிலம் வேண்டுமானாலும் திருநாளுக்கு அரைநாள் விடுமுறை வேண்டுமானாலும் துரையின் தயவு வேண்டும். அதனாலோ என்னவோ, அந்தக் காலத்தில் திருச்சபை எங்களுக்காகத் துரையிடம் உரக்கப் பேசியது என்று என்னால் எழுத முடியாது. அந்தக் குரல் பிந்தித்தான் வந்தது. 1972-இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசுசபைக் குரு போல் காஸ்பர்ஸ் போன்றவர்கள், தோட்டத்துத் தமிழரின் உரிமையையும் கிராமத்துச் சிங்களவரின் வறுமையையும் ஒருசேரப் பேசினார்கள்.

ஆனால் ஒரு வேலையைத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே செய்தது. பிறந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி வைத்தது.

இதன் பெறுமதி தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். எங்கள் பேச்சில் "பேர்" என்றால் ஒருநாள் சம்பளம். செக்ரோலில் ஒருநாள் வேலைக்கு ஒரு பேர் விழும். சொன்ன றாத்தல் கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர். "இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே கூடையை இறக்கியது நினைவிருக்கிறது. கோவில் பதிவேட்டில் அரைப்பேர் கிடையாது. முழுப் பெயர், பிறந்த தேதி, தகப்பன், தாய், ஞானப்பெற்றோர், லயம் இருந்த தோட்டம் எல்லாம் இலத்தீனில் வரிசையாக இருக்கும்.

1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தது போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்ததை நிரூபி என்று கேட்டது. அடுத்த ஆண்டு, தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபித்தால் தருவோம் என்று இன்னொரு சட்டம் வந்தது. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அதன்கீழ் விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. என் தாத்தா கோவிலில் வாங்கிய சான்றிதழ்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். கிடைக்கவில்லை. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள்.

எங்கள் குடும்பம் இலங்கைக் கணக்கில் விழுந்தது. அத்தையின் குடும்பம் இந்தியக் கணக்கில் விழுந்தது. 1973-இல், தோட்டங்களில் பஞ்சம் தலைகாட்டிய நேரத்தில், அவர்கள் புறப்பட்டார்கள். தலைமன்னாருக்குப் போன அந்த வண்டியை ஜனங்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்பார்கள். அங்கிருந்து இராமானுஜம் கப்பல், பிறகு மண்டபம் முகாம். அத்தை மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மண்டபத்திலிருந்து ஒரு கடிதமும், நீலகிரிக்குப் போகிறோம் என்று இன்னொரு கடிதமும் வந்தன. பின்னர் எதுவும் வரவில்லை. 1984-இல் கப்பலும் நின்றுபோனது.

தம்பி மகளுக்கான சான்றிதழை எழுதிக்கொண்டிருந்த இளம் பங்குத்தந்தையிடம், எதற்காக ஆறு மாதக் கெடு என்று கேட்டேன். "ஒருவர் எங்கே கலியாணம் முடித்தாலும், அந்தப் பங்கிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிக்க வேண்டும் ஐயா. அதைப் பழைய பதிவின் ஓரத்தில் எழுதுவோம். புதிதாக எடுத்த சான்றிதழில் அப்படி ஒன்றும் இல்லை என்றால், ஆள் முன்னே கலியாணம் முடிக்கவில்லை என்று தெரியும்" என்றார். 1917-இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டத்திலும், 1983-இன் புதிய தொகுப்பிலும் உள்ள விதி இது. கோவில் பிள்ளையாக வளர்ந்தும் நான் இதைக் கவனித்ததில்லை.

சட்டென்று ஒரு யோசனை வந்தது. 1964-ஆம் ஆண்டுப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரே எடுத்துப் புரட்டினார். அத்தை மகளின் பெயர் இருந்தது. ஞானத்தாய் என் அம்மா. ஓரத்தில் வேறொரு கையெழுத்தில், நீல மையில், இரண்டு வரி இருந்தது: 1986-இல் திருமணம், கணவரின் பெயர், கோத்தகிரி.

பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். இன்னும் சில பதிவுகளின் ஓரங்களிலும் நீலகிரி ஊர்கள் தெரிந்தன. அரசாங்கங்கள் இரண்டும் தலைகளை எண்ணிப் பிரித்துக்கொண்ட பிறகு, இங்கே ஒரு சுவாமியார் கடிதம் கிடைத்தபோதெல்லாம் அலுமாரியைத் திறந்து, போனவர்களின் பெயரைத் தேடி, பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1974-ஆம் ஆண்டின் அடக்கப் பதிவேடும் அதே அலுமாரியில் இருந்தது. அதைத் திறக்கச் சொல்ல மனம் வரவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். 5,25,000 என்ற எண்ணை உறக்கத்திலும் சொல்லுவேன். ஆனால் அந்த எண்ணில் அடங்கிய என் சொந்த அத்தை மகள் எங்கே என்பதற்கான விடை, நான் ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் அலுமாரியில் இத்தனை ஆண்டுகள் இருந்தது. கேட்கத்தான் நான் போகவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலையகத்தில் நாங்கள் சிறுபான்மை. பக்கத்து லயத்தில் மாரியம்மனைக் கும்பிட்டவர்களே பெரும்பான்மை. அவர்களும் அதே கோச்சியில்தான் போனார்கள். அவர்களைத் தேட இப்படியொரு ஓரக் குறிப்பு எங்கும் இல்லை.

கோத்தகிரிப் பங்குக்கு எழுதினேன். ஏழு வாரம் கழித்து ஒரு தொலைபேசி எண் வந்தது. அவள் இப்போது மகனோடு திருப்பூரில் இருக்கிறாள். அத்தை இறந்து பல வருடமாகிறது. இருவருக்கும் முதலில் அழத்தான் முடிந்தது. பிறகு அவள், "மச்சான், அங்கே என் பெயரை எப்படி எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். கப்பலேறும்போது யாரோ எழுத்தர் கொடுத்த அட்டையில் அவள் பெயர் பிழையாக விழுந்துவிட்டதாம். பள்ளிக்கூடம், ரேசன் அட்டை, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் ஐம்பது வருடமாக அந்தப் பிழைதான் அவள் பெயர்.

குறித்து வந்திருந்த தாளை எடுத்து வாசித்தேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "இன்னொரு தடவை வாசியுங்க" என்றாள்.