அமைதி விளையாட்டும் ஆய்வரங்கமும்

வகுப்பறை அமைதி இருவகைப்படும். ஒன்று அச்சத்தால் விளைவது; மற்றொன்று கேட்க வேண்டும் என்னும் ஆவலால் விளைவது. வாசலில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கோ இவற்றைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவை விளையாட்டு தருகிறது.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தோடு தொடர்புடையது ‘அமைதி விளையாட்டு’. குழந்தைகள் கைகால் அசைக்காமல் அமர்ந்திருப்பார்கள். கடிகாரத்தின் ஒலி, வெளியே ஒரு பறவையின் குரல் என, அதுவரை காதில் விழாதவை கேட்கத் தொடங்கும். பின்னர் ஆசிரியர் தொலைவில் நின்று ஒவ்வொரு குழந்தையையும் மிக மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை ஓசையின்றி எழுந்து அவரிடம் செல்லும். ஆசிரியர் குரலை உயர்த்தினால் ஆட்டம் கலைந்துவிடும். அறையில் மிகுந்த அதிகாரம் உடையவரே மிகத் தாழ்ந்த குரலில் பேசியாக வேண்டும் என்பதே இதன் விதி.

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா (1885–1939) வழக்கறிஞராக இருந்து கல்வித் துறைக்கு வந்தவர். 1920இல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி பால மந்திரைத் தொடங்கினார். குழந்தைகள்மீது கொண்ட பரிவால் ‘மீசை வைத்த தாய்’ என்று பெயர் பெற்றவர். அவருடைய ‘திவாஸ்வப்னா’ தமிழிலும் ‘பகல் கனவு’ என வெளிவந்துள்ளது. அதில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பில் ஓராண்டுக் காலம் சோதனை நடத்துகிறார். முதல் நாளே அமைதி விளையாட்டை நடத்த முயல்கிறார், எழுவதோ இரைச்சல். மாண்டிசோரி முறையை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்த ஒருவரே, அம்முறையின் புகழ்பெற்ற ஆட்டம் தோற்பதைத் தம் நூலின் தொடக்கத்தில் வைத்தது சிந்தனைக்குரியது.

தோல்விக்குக் காரணம் வெளிப்படை. அந்த ஆசிரியர் குழந்தைகளை அறியுமுன்பே திட்டத்தை வகுத்துக்கொண்டு வந்திருந்தார். விளையாட்டு என்ற பெயரில் அவர் இட்டது கட்டளை. ஆனால் அந்த இரைச்சலை அவர் ஒழுங்கீனமாகக் கொள்ளவில்லை. தமக்குக் கிடைத்த விடையாகக் கொண்டார். மறுநாள் கதை சொல்லத் தொடங்கினார். அதே குழந்தைகள் அடங்கி அமர்ந்து கேட்டார்கள். கட்டளையை மீறுபவன் குற்றவாளி ஆகிறான். விளையாட்டுக்கு வர மறுப்பவனோ ஒரு செய்தியைத் தருகிறான். மறுப்பைச் செய்தியாகக் கேட்கத் தெரிந்தபோதே அவ்வாசிரியர் அவ்வகுப்பின் தலைவரானார்.

இப்பாடம் பல்கலைக்கழகங்களுக்கும் உரியது. ஆய்வரங்கின் இறுதியில் பேராசிரியர் “ஐயம் ஏதேனும் உண்டா?” என்கிறார். அறை அமைதியாகிறது. தரவில் பிழை இருப்பதை அறிந்த மாணவரும் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பின் விலை சில வேளைகளில் இரண்டு, மூன்று ஆண்டு உழைப்பு.

உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1951இல் ஆற்றிய ஓர் உரையில் எளிய விதியொன்றை முன்வைத்தார். முன்பு பேசியவரின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைத்த பிறகே ஒருவர் தம் கருத்தைச் சொல்லலாம். தமிழ் மரபுக்கும் இது அயலானதன்று. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பரபக்கத்தில் பிறர் கொள்கையை எடுத்துரைத்த பின்னரே அதை மறுக்கிறது. ராஜர்ஸின் விதி இன்னும் கடுமையானது. எடுத்துரைத்தது சரிதானா என்று தீர்ப்பளிப்பவர் எதிரில் அமர்ந்திருக்கிறார்.

இவ்விதியை ஆய்வரங்கில் விளையாட்டாகக் கொள்ளலாம். முதலாண்டு ஆய்வு மாணவரின் வாதத்தை நெறியாளர் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். மாணவர் “ஆம், அதைத்தான் சொன்னேன்” என்னும்வரை மறுப்புரைக்க அவருக்கு முறை வராது. இதையே அறிவுரையாகச் சொன்னால் மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். விளையாட்டானால் தவறியவரும் சிரித்துவிட்டு மீண்டும் முயல்வார்.

இதற்கு இரண்டு காப்புகள் தேவை. வர விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் அது மீண்டும் கட்டளையே. ஆட்டத்தில் சொன்ன சொல் மதிப்பீட்டு அறிக்கையில் வந்து நிற்கவும் கூடாது. ஒரு மாணவர் ஒரு முறை அவ்வாறு தண்டிக்கப்பட்டால் போதும், அத்துறையில் பிறகு எவரும் வாய் திறக்கமாட்டார்.

இது பயன் தந்ததா என்பதை அறிய நீண்ட ஆய்வு வேண்டியதில்லை. “இல்லை ஐயா, நான் சொன்னது அதுவன்று” என்று ஒரு மாணவர் தயங்காமல் சொல்ல, நெறியாளர் “அப்படியானால் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன்” என்பாராயின், அந்தத் துறையில் ஆய்வு தொடங்கிவிட்டது என்று பொருள்.