அமுச்சிக்கு மட்டும் வந்த பாகு வாசம்: குன்னூர் மலைப்பாதையில் ஒரு பழைய கார்

"பாகு காய்ச்சற வாசம் வருது கண்ணு" என்று அமுச்சி முதலில் சொன்னது பர்லியாரில். நான் பின் சீட்டில் இருந்தேன். பர்லியார் என்றாலே சாலையோரப் பழக்கடைகள்தானே. "ஏதாச்சும் பழம் மணக்கும் அமுச்சி" என்றேன். மாமா வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தார். அவருக்கு எந்த வாசமும் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஜனவரி மாதம் அது. கோவையிலிருந்து கேத்திக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே இருக்கும் அமுச்சியின் தங்கை, எங்கள் சின்ன அமுச்சி, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். நான்கு வருடமாக அக்காவும் தங்கையும் போனில்தான் பார்த்துக்கொண்டார்கள். முட்டிவலியோடு அமுச்சியை பஸ்ஸில் ஏற்ற முடியாது. டாக்ஸி வைக்கலாம் என்றேன். "நம்ம வண்டி இருக்கையில எதுக்கு?" என்றார் மாமா. நம்ம வண்டி 1999 மாடல். என்னைவிட மூத்தது.

கல்லாறில் இ-பாஸ் பார்த்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நீலகிரியில் அதற்குத் தடை என்பதால் அமுச்சி எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அந்தத் தூக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 35 கிலோமீட்டர்தான். அதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றரை கிலோமீட்டர் உயரம். பக்கத்திலேயே ஏறும் மலை ரயிலைப் பாருங்கள். 1899-லேயே குன்னூர் வரை வந்துவிட்ட பாதை அது. அந்த நீராவி இன்ஜின்கூட ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போகும். இந்த மலை எல்லா இன்ஜினையும் சூடேற்றிப் பார்க்கும்.

ஹில்குரோவைத் தாண்டியதும் பனிமூட்டம். முன்கண்ணாடி மங்க ஆரம்பித்தது. மாமா ஹீட்டரைத் திருகி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். தெளிய வேண்டிய கண்ணாடி இன்னும் மோசமாக மங்கியது. துணியால் துடைத்தால் எண்ணெய் தடவியதுபோல ஒரு பிசுபிசுப்பு. எதிரே பஸ் வருவது ஹாரன் சத்தத்தில்தான் தெரிந்தது. மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு ஓட்டினார். அந்த இரண்டு வளைவுகளும் எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. அமுச்சியின் சீட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அமுச்சி இரண்டாவது விஷயத்தைச் சொன்னார். "கால் ஈரமா இருக்கு தம்பி."

"தூக்கு சிந்தியிருக்கும்மா" என்றார் மாமா.

தூக்கு என் மடியில் இருந்தது.

காட்டேரி பூங்காவுக்கு முன்னால் கொஞ்சம் அகலமான இடம் கிடைத்ததும் ஓரங்கட்டினோம். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அமுச்சியின் காலடி மிதியடியில் வெதுவெதுப்பாகப் பச்சைத் தண்ணீர். சேலைக் கரையெல்லாம் பச்சை. நான் போனை எடுத்துத் தேடினேன். சிக்னல் இல்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை செய்கிறவள் நான். கையில் போன் இருந்தும் ஒன்றுக்கும் உதவாத நேரம் அது.

கேரட் மூட்டைகளோடு கீழே இறங்கிக்கொண்டிருந்த லாரிக்கார அண்ணன் ஒருவர் நிறுத்தினார். கதவைத் திறந்து ஒரே ஒரு முறை மூக்கை உறிஞ்சினார். "ஹீட்டர் கோர் போயிருச்சுங்க. இனிப்பா வாசம் வரலீங்களா?"

அமுச்சி மாமாவைப் பார்த்தார். மாமா மலையைப் பார்த்தார்.

லாரிக்காரர் ஹீட்டர் திருகியை நீலப் பக்கம் முழுசாகத் தள்ளினார். ரேடியேட்டர் மூடியைத் தொடப்போன மாமாவின் கையைத் தட்டிவிட்டார். "இப்பத் திறந்தா மூஞ்சி வெந்துரும். அரை மணி நேரமாச்சும் ஆறட்டும்." ஆறியபின் அமுச்சியின் தூக்குத் தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போனது. நிதானமாக, இரண்டு இடத்தில் நின்று, குன்னூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மெக்கானிக் விளக்கியபிறகுதான் எனக்கே புரிந்தது. ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட் அதற்குள்ளும் ஓடும். ஃபேன் அதன்மேல் காற்றை அடிக்க, நமக்கு வெதுவெதுப்பு வரும். அது ஓட்டையானால் கூலன்ட் நம் காலடியில் சொட்டும். ஆவி கண்ணாடியில் போய்ப் படியும். வாசம் இனிப்பாக இருப்பதற்குக் காரணம், கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். கசிவால் அழுத்தமும் போய்விட்டால் இன்ஜின் கதி அவ்வளவுதான்.

"கோயமுத்தூர்ல யாருங்க ஹீட்டர் போடறாங்க? வருஷக்கணக்கா வால்வு மூடியே கிடக்கும். உள்ள நின்ன தண்ணி அரிச்சுப்போடும்" என்றார். கூலன்ட் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. குழாய்த் தண்ணீரை ஊற்றியே பல வருடம் ஓட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

"மஞ்சத்தூள் போட்டா அடைச்சுக்குமுங்களே?" என்று மாமா மெதுவாக ஆரம்பித்தார். "ஓட்டையோட சேர்த்து ரேடியேட்டரையும் அடைக்குமுங்க. சமையலுக்கு வெச்சுக்கோங்க."

அவர் செய்தது பைபாஸ். இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பி வரும் ஹோஸ் இரண்டையும் கழற்றி, நடுவில் ஒரு சின்ன இரும்புக் குழாய் வைத்து கிளிப் போட்டு முறுக்கினார். கூலன்ட் ஹீட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். புது கூலன்ட் ஊற்றி, காற்று வெளியேறும்வரை இன்ஜினை ஓடவிட்டார். முக்கால் மணி நேரம். கூலி 400 ரூபாய்.

தரையில் தேங்கியிருந்த பச்சைத் தண்ணீரைத் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தார். மீதி ஈரத்தில் மரத்தூள் தூவி வாரினார். இனிப்பு ருசிக்கு நாயும் குரங்கும் நக்கிவிடுமாம், நக்கினால் உயிருக்கே ஆபத்தாம். காட்டேரியில் நாங்கள் நின்ற இடத்தில் குரங்குகள் இருந்தன. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

கேத்தி போய்ச் சேரும்போது மாலை நான்கு மணி. சின்ன அமுச்சி கட்டிலிலிருந்தே கையை நீட்டினார். என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன், அது அவர்களுடையது. இரவு பதினொரு மணிக்கும் அந்த அறையில் விளக்கு எரிந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பப் பார்த்தோம். வாசலில் புல்லெல்லாம் உறைபனி, கார் கண்ணாடியில் வெள்ளைப் படலம். ஹீட்டர் இல்லாமல் அதைத் தெளியவைக்க வழியில்லை. வெயில் வரட்டும் என்று ஒன்பது மணி வரை காத்திருந்து, ஜன்னல்களை இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு இறங்கினோம். அமுச்சிக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, மேலே என் துப்பட்டா.

கோவையில் விசாரித்தால், கோர் விலை அவ்வளவு இல்லை. ஆனால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், இரண்டு நாள் வேலை, பாகத்தைவிடக் கூலி இரண்டு மடங்கு. "ஊருக்குள்ள ஓட்டறதுக்கு பைபாஸே போதுமுங்க, நிறையப் பேர் அப்படித்தான் விட்டிருக்காங்க" என்றார் அங்கிருந்த மெக்கானிக். உண்மைதான். கோவையில் எதற்கு ஹீட்டர்? மாமா கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார்.

"அப்ப நான் தங்கச்சியைப் பாக்க மறுபடி போக வேண்டாமா?" என்று கேட்டார் அமுச்சி.

புது கோர் போட்டாயிற்று. மிதியடிக்கு அடியில் இருந்த கார்ப்பெட்டையும் கழற்றி, சோப்புப் போட்டு அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தார் மாமா. மாசி மாதம் மறுபடியும் கிளம்பினோம். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் அமுச்சி கண்ணை மூடி ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்தார். மாமா சாவியைத் திருகாமல் காத்திருந்தார்.

"ம்... போலாம்" என்றார் அமுச்சி.