18 ரூபாய் வழக்கு

எங்கள் வீட்டில் யாராவது எதையாவது முடிவாகச் சொல்லிவிட்டால், "மணியக்காரர் தீர்ப்பு ஆயிருச்சு, இனி மேல பேச்சில்லை" என்பார் அப்பத்தா. அதை ஊர்ப் பழமொழி என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு வரலாற்றுப் பாடத்துக்காக நம் கல்லூரி நூலகத்தில் சென்னை மாகாண நீதிமுறையைப் பற்றிப் படித்தபோதுதான், அது பழமொழி அல்ல, ஒரு காலத்துச் சட்டம் என்று தெரிந்தது.

1802-ல் கம்பெனியார் இங்கே ஜில்லா நீதிமன்றங்களை ஏற்படுத்தினார்கள். அவை தொலைவில் இருந்தன. செலவும் தாமதமும் குடியானவனால் தாங்கக்கூடியவை அல்ல. இதைக் கண்டித்தவர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாக் குதிரைமீது அமர்ந்திருக்கிறாரே, அவரேதான். அவருடைய முயற்சியால் 1816-ல் புதிய சட்டங்கள் வந்தன. ஊர் மணியக்காரரே கிராம முன்சீப் ஆனார். பணம், பண்டம் பற்றிய 10 ரூபாய் வரையிலான வழக்குகளை அவரே தீர்த்துவிடலாம். அந்தத் தீர்ப்பின்மீது அப்பீல் கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தார் தீர்ப்பையும், பட்சபாதமோ ஊழலோ மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே ஜில்லா நீதிபதி ரத்து செய்யலாம்.

மன்றோவை அடியோடு குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து ரூபாய்க்காக ஒருவன் ஜில்லாத் தலைநகருக்கு நடந்து, வக்கீல் வைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால் அவனுக்கு என்ன மிஞ்சும்? ஆனால் பத்து ரூபாய் சிறுதொகை என்று அளந்தது யாருடைய மடியிலிருந்த பணத்தைக் கொண்டு? அதோடு, நீதிபதியாக அமர்ந்த அதே மணியக்காரர்தான் வரி வசூலித்தார். ஊர்க் காவலும் அவர் கையில்தான். சில்லறைக் குற்றங்களுக்குத் தாழ்ந்த சாதியார் எனப்பட்டவர்களை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டிவைக்கும் அதிகாரத்தையும் 1816-ன் சட்டமே அவருக்குத் தந்திருந்தது. இதைப் படித்த அன்று நூலகத்தை விட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். மாகாணத்தின் உள்ளூர்களில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள், சிவில் வழக்குகளில் கம்பெனி நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும் தனிச் சலுகை பெற்றிருந்தார்கள். 1836-ல் மெக்காலே அதை நீக்கியதும் கல்கத்தா ஆங்கிலேயர்கள் "கறுப்புச் சட்டம்" என்று கொதித்தெழுந்தார்கள். அவர்களுக்கு அப்பீலே இல்லாமல் போய்விடவில்லை. இந்தியர்கள் போகும் அதே சதர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்றானது, அவ்வளவுதான். இங்கே பத்து ரூபாய்க் குடியானவனுக்கோ எந்த மன்றமும் இல்லை. அவனுக்காகக் கூட்டம் போடவும் ஆளில்லை.

1889-ல் வந்த கிராம நீதிமன்றச் சட்டம் வரம்பை 20 ரூபாயாக உயர்த்தியது. அப்போதும் அப்பீல் இல்லை. பட்சபாதம் முதலிய காரணங்களைக் காட்டி, ஜில்லா முன்சீப்பிடம் மனுக் கொடுக்கலாம் என்று மட்டும் ஒரு சிறு வாசல் திறந்திருந்தது.

அந்த வாசல்வரை போனவர் என் கொள்ளுத்தாத்தா. அப்பத்தா பிறப்பதற்கு முன் நடந்தது. உழவு மாடு வாங்கியதில் 18 ரூபாய் பாக்கி என்று அவர்மேல் வழக்கு. கொடுத்தாயிற்று என்றார் இவர். கையில் சீட்டு இல்லை. மாடு விற்றவர் மணியக்காரரின் மைத்துனர். தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாரோ சொன்னதைக் கேட்டு, விடியற்காலையில் கிளம்பி நகரத்துக் கோர்ட்டுக்கு நடந்தார். வாசலில் மனு எழுதுபவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மணியக்காரர் பட்சபாதம் செய்தார் என்று எழுதட்டுமா?" என்றாராம். வேறு எப்படியாவது எழுத முடியாதா என்று இவர் கேட்டிருக்கிறார். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

மறுநாளும் அதே ஊரில் இருக்கவேண்டும். கிஸ்தி கட்டுவது அவரிடம். தண்ணீர்த் தகராறு வந்தால் நிற்பதும் அவர் திண்ணை முன்னால். கொள்ளுத்தாத்தா திரும்பிவிட்டார். எதிரியின் பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் வழக்கு. இங்கோ நீதிபதியையே எதிரியாக்கினால்தான் மேலே கேட்கலாம் என்றிருந்தது.

அந்தப் பரம்பரை மணியக்காரர் பதவி 1980-ல் ஒழிந்தது. போன பொங்கல் விடுமுறையில் இவற்றையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்கப்பா மனுக் கொடுத்திருக்கலாமா?"

"கொடுத்திருக்கலாம் அப்பத்தா. சட்டத்தில் இடம் இருந்தது."

"விசாரிக்க ஆள் வந்தா யார் வீட்டுத் திண்ணையில உக்காந்திருப்பாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மூணு தவணையா கட்டினாரு. கடைசித் தவணைக்குப் போனது எங்கம்மாவோட வெள்ளிக் கொலுசு" என்றார்.