காக்காயையும் எழுதணும்

அறிவியல் ஆய்வு என்றால் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், அதில் புகை என்றுதான் நாம் எல்லோரும் படம் வரைவோம். கண்மாய்க் கரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டும் ஆய்வு செய்யலாம். அதற்கென்றே செல்போனில் மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதப் போகிறேன்.

அதன் பெயர் ஈ-பேர்ட். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற சங்கமும் சேர்ந்து 2002-ல் தொடங்கியது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் தான் பார்த்த பறவையை இதில் பதியலாம். நம் தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கும் இந்த ஈ-பேர்ட்தான். 2025 பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் காலையில் அறிவியல் டீச்சர் தன் போனோடு வந்தார். நாங்கள் ஆறு பேர். ஏழாவதாக என் அப்பத்தா. நாங்கள் கூப்பிடவில்லை, ஆட்டை ஓட்டிக்கொண்டு அதுவாக வந்தது.

தொடங்கு என்று அமுக்கியதும் நேரம் ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதை செயற்கைக்கோளை வைத்து அதுவே அளந்துகொள்ளும். எங்கள் கண்மாய்ப் பக்கம் டவர் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் பாதகமில்லை. போனிலேயே சேமித்து வைத்துக்கொண்டு டவர் வந்ததும் அனுப்பிவிடலாம். குறைந்தது பதினைந்து நிமிடமாவது பார்க்க வேண்டும் என்றார் டீச்சர். நாங்கள் நாற்பது நிமிடம் நடந்தோம்.

முதல் சண்டை காக்காயில் வந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவன், "காக்காயெல்லாம் எதுக்கு டீச்சர்? அது எங்கயும்தான் இருக்கு" என்றான். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. டீச்சர் போனைத் திருப்பிக் காட்டினார். பட்டியலை முடிக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும். உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று. ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவையை அன்றைக்கு அங்கே நாம் காணவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். காக்காயை விட்டுவிட்டு ஆம் என்று அமுக்கினால், இந்தக் கண்மாயில் காக்காய் கிடையாது என்று எழுதிக் கொடுத்த மாதிரி! எழுதாமல் விடுவதும் ஒரு தகவல்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பரீட்சையில் எழுதாமல் விட்டால் மார்க் மட்டும்தான் போகும்.

அடுத்தது மயில். எங்களுக்குத் தெரிந்தது ஏழு. "ஒரு அம்பது போடுங்க டீச்சர், கடலைக் காட்டுக்குள்ள போய்ப் பார்த்தா அம்பது இருக்கும்" என்று இன்னொருத்தி சொன்னாள். அவர்கள் வீட்டுக் கடலையை மயில் கிளறிவிட்டதில் அவளுக்குக் கோபம். பார்த்தது ஏழு என்றால் ஏழுதான். ஓர் இடத்துக்கு வழக்கத்தில் இல்லாத எண்ணிக்கை வந்தால் ஈ-பேர்ட்டே விவரம் கேட்கும். அந்தப் பகுதிக்கென்று இருக்கிற பறவை அறிந்தவர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். மயில் பெருகுகிறது என்பது உண்மைதானாம். இந்தியப் பறவைகளின் நிலை என்று 2023-ல் வந்த அறிக்கை அப்படிச் சொல்கிறது. முப்பதாயிரம் பேர் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளைப் பார்த்து, 942 வகைப் பறவைகளைப் பற்றி எழுதிய அறிக்கை. பதிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஐம்பது கூட்டிப் போட்டிருந்தால் அந்த அறிக்கை என்னத்துக்கு ஆகும்?

கொக்குக் கூட்டம் எழுந்து பறந்தபோது எண்ண முடியவில்லை. பத்தை மட்டும் எண்ணி, அந்த அளவுக் கூட்டம் எத்தனை என்று பார்க்கச் சொன்னார் டீச்சர். அப்படி நாற்பது வந்தது.

இனி அப்பத்தா. மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றைக் காட்டி "குருட்டுக்கொக்கு" என்றது. நான் மடையான் என்றேன். டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார், போனில் இருந்ததோ இண்டியன் பாண்ட் ஹெரான். மூன்றும் ஒரே பறவை! கருவேல மரத்துக்குள் எதுவோ "ஊப் ஊப்" என்றது. எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்பத்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "செம்போத்து" என்றது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு இறக்கையோடு அதுவே வெளியே வந்தது.

அப்புறம் அப்பத்தா கேட்டது, "ஏன் டீச்சர், பெணந்தின்னிக் கழுகு இருக்கா அதுல? முன்னெல்லாம் செத்த மாட்ட இந்தக் கரையிலதான் போடுவாக. செத்த நேரத்துல வந்து எறங்கிரும். இப்ப நாய்தான் திங்குது."

டீச்சர் சொன்னது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவில் அந்தக் கழுகுகளும் காக்காய் மாதிரி சர்வசாதாரணமாக இருந்தனவாம். 1990-களில் அவை மளமளவென்று செத்தன. வெண்முதுகுக் கழுகில் நூற்றுக்கு 99-க்கு மேல் போய்விட்டன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்துதான் காரணம். அந்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடும். காரணம் 2004-ல் தெரிந்து, 2006-ல் இந்தியாவில் கால்நடைக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற விஞ்ஞானி முன்னாலேயே எண்ணி வைத்திருந்ததால்தான் குறைவது தெரிந்தது. எங்கள் கண்மாயில் யாரும் எண்ணவில்லை. அப்பத்தாவுக்கு மட்டும் தெரியும். ஆனால் தேதி தெரியாது, எத்தனை என்று தெரியாது. "உங்கப்பன் தவழ்ந்த காலம்" என்கிறது. அதைப் போனில் எந்தக் கட்டத்தில் போடுவது?

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கில் வராதா என்று டீச்சரிடம் கேட்டேன். அதற்கு அவர் சைபர்டிராக்கர் என்ற மென்பொருளைப் பற்றிச் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் லூயிஸ் லிபன்பெர்க் என்பவர் உருவாக்கியது. அங்கே கால்தடம் பார்த்தே விலங்கைச் சொல்லிவிடுகிற ஆட்கள் உண்டு. பலருக்கு எழுத்து தெரியாது. அதனால் 1990-களில் கையடக்கக் கணினியில் எழுத்துக்குப் பதில் படங்களை வைத்தார். காண்டாமிருகம் என்ன செடியைத் தின்றது என்பதைப் படத்தைத் தொட்டே பதியலாம். கரூ தேசியப் பூங்காவில் கேரல் பெனாடி, ஜேம்ஸ் மின்யே என்ற இரண்டு தடம் பார்ப்பவர்கள் அதை வைத்து வேலை செய்தார்கள். 1999-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் விஞ்ஞானி பெயரோடு அவர்கள் இருவர் பெயரும் இருக்கிறது.

ராத்திரி அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "அவுக பேரையுமா போட்டாக?" என்று இரண்டு தடவை கேட்டது.

எங்கள் பட்டியலில் 23 வகை வந்தது. செம்போத்துக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் இருந்தது. முதலில் குரல் கேட்டது, அடையாளம் சொன்னது ஆடு மேய்க்கும் பாட்டி என்று டீச்சர் அதில் எழுதினார். கழுகுக்காகத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கிறோம். யார் சொன்னது, எந்தக் கண்மாய், யார் தவழ்ந்த காலம் என்று மூன்று கோடு. நோட்டு அறிவியல் டீச்சர் மேஜையில் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு மணிக்கு வந்து எழுதலாம். பென்சில் வேண்டாம், பேனா கொண்டுவரவும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி