கம்பெனி செட்டைக் கழற்றாமலே

ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன் எல்லாம் காரோடு வந்த கம்பெனி ஆடியோ செட்டோடு பின்னிக்கிடப்பதால், மாமாவின் காரில் அதை அப்படியே விட்டுவிட்டு நான்கு சேனல் ஆம்ப் ஒன்றைச் சேர்த்தோம்.

50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், கம்பெனி செட் ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுப்பது 20 வாட்டைத் தாண்டுவது அரிது. அதற்குமேல் திருகினால் தவில் அடி உடைந்துதான் கேட்கும். தனி ஆம்புக்குள் பேட்டரியின் 12 வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட் இருக்கிறது, வித்தியாசம் அங்கேதான்.

ஆர்.சி.ஏ. அவுட் இல்லாத செட் என்றால், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்து ஆம்பின் ஹை லெவல் இன்புட்டில் கொடுக்கலாம். ஸ்பீக்கரின் மைனஸ் வயரை மட்டும் பாடியில் தொடவிடாதீர்கள். அது எர்த் இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது. செட்டின் ஐ.சி. கருகிவிடலாம்.

ஃபியூஸ் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் போடுங்கள். "ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கே" என்பார்கள். அது ஆம்புக்கு. போனெட்டிலிருந்து சீட்டுக்கு அடிவரை ஓடும் வயர் தகரத்தில் உரசித் தோல் உரிந்தால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வயரே தீப்பிடிக்கும். ஓட்டையில் ரப்பர் கிராமெட் போடாமல் வயர் இழுப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

எர்த்துக்குப் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் முறுக்க வேண்டும். எர்த் சரியில்லை என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரும் கூடவே வீலென்று கத்தும்.

அடுத்து கதவுகளுக்குள் டேம்பிங் ஷீட் ஒட்டணும். மாமா சரி சொல்லிவிட்டார்.