கொல்லிமலையில் சுறாமீன்

சிரித்தே கொல்லும் பெண் ஒருத்தி கொல்லிமலையில் இருக்கிறாள் என்பது பழைய நம்பிக்கை. கொல்லிப்பாவை என்று அவளுக்குப் பெயர். சங்கப் புலவர்கள் தங்கள் நாயகிகளின் அழகுக்கு அவளை உவமை சொல்வதோடு நிறுத்திக் கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் கதையை வளர்த்தார்கள். தவம் செய்யும் முனிவர்களை அசுரர்கள் அணுகாமலிருக்க அமைத்த பதுமை அது என்றும், ஆள் அரவம் கேட்டால் புன்னகை புரியும் என்றும், அந்தப் பல்வரிசையில் மயங்கி நெருங்கியவன் அத்தோடு தீர்ந்தான் என்றும் சொன்னார்கள். இன்று எட்டுக்கை அம்மன் கோயிலில் ஜனங்கள் அந்தப் பாவையையே தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். நாமும் போய்த் தரிசித்தோம். அம்மன் முகத்தில் சாந்தமே குடிகொண்டிருந்தது.

உண்மையில் பயப்பட வேண்டியது மலைக்கு ஏறும் பாதைக்குத்தான். நாமக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்தை விட்டால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். பஸ்ஸிலுள்ளவர்கள் முதல் முப்பது வளைவு வரையில் இயற்கைக் காட்சிகளை வியக்கிறார்கள். அதற்கு மேல் எலுமிச்சம்பழத்தை முகர்கிறார்கள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறியதும் குளிர்ந்த காற்று வந்து எல்லாவற்றையும் மறக்கச் செய்கிறது. பலா மரங்கள், மிளகுக் கொடிகள், அன்னாசித் தோட்டங்கள், இடையிடையே சாமையும் கேழ்வரகும் விளையும் வயல்கள். செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரை மீது வீற்றிருக்கிறான். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு புகழும் வள்ளல் அவன். அந்த ஜாபிதாவில் மீன் இல்லை என்பதை இங்கே குறித்துக் கொள்வது நல்லது. ஏனென்றால் கொல்லிமலையில் மீனைக் கொல்வது மகா பாவம்.

அறப்பளீசுவரர் கோயிலின் அருகில் ஐயாறு ஓடுகிறது. அதிலுள்ள மீன்கள் சுவாமிக்குச் சொந்தமானவை. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் அவற்றைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்ததாகவும், அறுந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தித் துள்ளி ஆற்றில் பாய்ந்து விட்டதாகவும் கதை சொல்கிறார்கள். கதை எப்படியானாலும், பக்தர்கள் பொரியைத் தூவுவதும் மீன்கள் மொய்த்துக் கொண்டு வருவதும் கண்கொள்ளாக் காட்சி.

கோயிலுக்கு அப்பால் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிறது. அது ஐப்பசி மாதம். அன்று வெயில் அடித்ததால் குளிக்கத் தடை இல்லை. எல்லாரும் தலையில் எண்ணெயைத் தேய்த்துக் கொண்டு கிளம்ப, நம்முடன் வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பையன் மட்டும் பாறை மீது உட்கார்ந்து விட்டான்.

"ஏண்டா, குளிக்க வரவில்லையா?"

"அந்த மடு ஆழமாயிருக்கிறதே, மாமா. அதில் சுறாமீன் இருந்தால்?"

கோஷ்டி முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் இரவு அவன் வீட்டில் எந்தச் சினிமாப் படத்தைப் பார்த்தான் என்பது நமக்குத் தெரியும்.

படிக்கட்டில் நமக்கு வழித்துணையாக வந்த பெரியவர் ஒருவரும் பக்கத்திலிருந்தார். மலைக்கே உரிய மலையாளிகள் வகுப்பைச் சேர்ந்தவர். (பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று நினைத்து விடக் கூடாது, இவர்கள் பேசுவது தமிழ்தான்.) "நீங்கள் சுறாவைப் பார்த்ததுண்டா?" என்று அவரைக் கேட்டோம்.

"பார்க்காமல் என்ன, சாமி! சோளக்காட்டுச் சந்தையிலே கருவாடாகப் பார்த்திருக்கிறேன்" என்றார்.

சுறாவுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பையனுக்கு இது போதவில்லை. ஆகையால் பாறை மீது உட்கார்ந்தே நமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவனுடைய கேள்வி அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனமானதல்ல. காளைச் சுறா என்று ஒரு ஜாதி உண்டு. அது உப்பு நீரிலும் நல்ல நீரிலும் வாழ வல்லது. 1937-ல் அமெரிக்காவின் மிஸிஸிபி நதியில், கடலிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் உள்ளே, ஆல்டன் நகரத்தருகில் ஒன்று பிடிபட்டது. ஆனால் ஆற்றில் நீந்தி வரலாமே தவிர, 300 அடி அருவியில் ஏறி வர அதற்கு யார் படிக்கட்டு அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள்?

உலகத்தில் ஐந்நூறு வகைக்கு மேற்பட்ட சுறாக்கள் உண்டு. மனிதனைக் கடித்து உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக அடிக்கடி பெயர் அடிபடுவது வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகிய மூன்றுக்குத்தான். எல்லாவற்றிலும் பெரியதான திமிங்கிலச் சுறாவோ கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்னும் பரம சாது. அமெரிக்காவில் புளோரிடா அருங்காட்சியகத்தார் சுறாக் கடிகளுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் உலகம் முழுவதிலும் வருஷத்துக்கு அறுபது, எழுபது. இறப்பவர்கள் பத்துப் பேருக்கு மேற்படுவது அபூர்வம். அதிலும் பெரும்பாலும் ஒரு கடியோடு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. கலங்கிய நீரில் இன்னதென்று தெரியாமல் வாய் வைத்துப் பார்க்கிறது போலும். அந்த ஒரு கடியில் பெருகும் ரத்தமே மனிதனுக்கு எமனாக முடிகிறது.

பின், இத்தனை பயம் எங்கிருந்து வந்தது? 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி கடற்கரையிலும், அதையடுத்த ஓடை ஒன்றிலும் பன்னிரண்டு நாளைக்குள் நாலு பேர் சுறாவுக்கு இரையானார்கள். ஒருவர் காயத்தோடு தப்பினார். தேசமே நடுங்கிற்று. பீட்டர் பெஞ்ச்லி என்பவர் 1974-ல் சுறாவை வைத்து ஒரு நாவல் எழுதினார். மறு வருஷம் அது 'ஜாஸ்' என்ற படமாக வந்து உலகத்தின் தூக்கத்தையே கெடுத்தது. பெஞ்ச்லி பிற்காலத்தில் மனம் மாறிச் சுறாக்களைக் காப்பாற்றுவதற்காகப் பாடுபட்டார். ஆனால் அவர் பிரசாரத்தைக் கேட்டவர்களைவிட அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் தொகை எத்தனையோ மடங்கு அதிகம்!

நம் தமிழ்க் கடலில் நடந்ததோ வேறு விதம். தூத்துக்குடியிலும் மன்னாரிலும் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக் கொண்டு, மூச்சை அடக்கி, கடலின் அடி மட்டும் போய்ச் சிப்பி வாரியவர்கள். உலகத்தில் யாருக்காவது சுறாவுக்குப் பயப்பட நியாயம் உண்டென்றால் அவர்களுக்குத்தான் உண்டு. கடற்கட்டி என்னும் மந்திரவாதி வந்து சுறாவின் வாயைக் கட்டிய பிறகே கடலில் இறங்குவார்கள். இது பரம்பரைத் தொழில். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போய்விடும் என்று எழுதியிருக்கிறார். சாயங்காலமானால் மந்திரத்தை அவிழ்த்து விடுவார்களாம், ராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்கக் கூடாதென்று! வெள்ளைக்காரர் ஆட்சியிலும் கடற்கட்டி இல்லாமல் முத்துக் குளிப்பு நடக்கவில்லை. ஒரு சமயம் அந்தக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கராயிருந்தார். மந்திரம் பலிப்பதற்கு அது தடையாக யாருக்கும் தோன்றவில்லை. முத்துக் குளிப்பில் சுறாவினால் நேர்ந்த விபத்தோ மிக அபூர்வம். நூற்றுக்கணக்கான தோணிகளும் ஆயிரக்கணக்கான ஜனங்களும் கூடிச் செய்த ஆரவாரத்தில் சுறா அந்தத் திசைக்கே வராமல் ஒதுங்கியிருக்கலாம். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மனிதனுடைய பயத்தைக் கட்டிற்று. அதற்கு அந்தக் கூலி அதிகமென்று நமக்குத் தோன்றவில்லை.

"அப்படியானால் சுறா மனிதனைத் தின்பதைவிட..." என்று பையன் ஆரம்பித்தான்.

"உன் அம்மா செய்யும் சுறாப்புட்டை நினைத்துக் கொள்" என்றோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறா சமைத்துப் போடாத கடற்கரைக் கிராமம் தமிழ்நாட்டில் ஏது? அது வயிற்றுக்காக. துடுப்புக்காகவும் எண்ணெய்க்காகவும் பிடிபடுவதையெல்லாம் சேர்த்தால், வருஷத்துக்குச் சுமார் பத்துக் கோடிச் சுறாக்கள் மனிதன் கையால் மடிகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மற்ற மீன்களைப் போல் லட்சம் லட்சமாக முட்டையிடும் ஜாதியல்ல சுறா. பருவமடையவே பல வருஷங்கள் ஆகும், குட்டிகளும் கொஞ்சம். நம் தேசத்தில் 2001-ல் திமிங்கிலச் சுறாவைப் பிடிப்பதும், 2015-ல் சுறாத் துடுப்புகளை ஏற்றுமதி செய்வதும் தடுக்கப்பட்டன. ஐயாற்று மீன்களுக்கு அறப்பளீசுவரர் காவல் இருக்கிறார். கடலிலுள்ளவற்றுக்குச் சட்டம்தான் காவல்.

பையன் எழுந்து சட்டையைக் கழற்றினான். அந்த நேரத்தில்தான் பெரியவர் அருவியை அண்ணாந்து பார்த்து, "எல்லாரும் கரையேறுங்கள், சாமி!" என்று உரக்கக் கூவினார். நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைக்கு மேல் வெயில் காய்ந்து கொண்டிருந்தது. "தண்ணீர் நிறம் மாறுகிறது, பாருங்கள். மேலே எங்கேயோ மழை கொட்டியிருக்கிறது" என்றார். வெள்ளி போலிருந்த அருவியின் ஓரத்தில் இலேசான செம்மண் நிறம். நீரோடு சருகுகளும் சுள்ளிகளும் விழ ஆரம்பித்திருந்தன.

பெண்களும் குழந்தைகளும் உடனே மேலேறினார்கள். மூன்று வாலிபர்கள் மட்டும் அருவிக்கு நேரே பாசி படர்ந்த பாறை மீது நின்று படம் பிடித்துக் கொண்டிருந்தார்கள். பெரியவர் கூவியது இரைச்சலில் அவர்கள் காதில் விழவில்லை. அந்த வயோதிகர் கம்பை ஊன்றிப் பாதி தூரம் தண்ணீருக்குள்ளேயே போய், கம்பால் பாறையைத் தட்டித் தட்டி அவர்களைத் திருப்பி அழைத்து வந்தார். "ஒரே நிமிஷம், தாத்தா" என்று சொல்லிக் கொண்டேதான் வந்தார்கள். கால் மணி நேரம் சென்று பார்த்தபோது அவர்கள் நின்ற பாறையைக் காணோம். அந்த இடத்தில் சேற்று நிறத்தில் வெள்ளம் சுழித்துக் கொண்டிருந்தது.

2021-ஆம் வருஷம் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்களென்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. நம் தேசத்தில் மட்டும் இது வருஷந்தோறும் முப்பதாயிரத்துக்கு மேற்படுகிறது. குளம், கிணறு, வாய்க்கால், அருவி, கடலலை எல்லாம் இதில் சேர்த்தி. இவற்றில் எதற்கும் பல் கிடையாது. பல் இல்லாத ஒன்றைக் கண்டு பயப்பட நமக்கு எந்தச் சினிமாவும் கற்றுக் கொடுக்கவில்லை.

பையன் இந்தக் கணக்கைக் கவனித்ததாகத் தெரியவில்லை. படியேறும்போது பெரியவரின் பக்கத்திலேயே ஒட்டிக் கொண்டு வந்தான். தண்ணீர் நிறம் மாறுவதை எத்தனை நேரத்துக்கு முன்னால் கண்டுபிடிக்கலாம், இரைச்சலில் வித்தியாசம் தெரியுமா, ராத்திரியானால் என்ன செய்வது என்று கேட்டுக் கொண்டே வந்தான். ஆயிரம் படிக்கும் கேள்வி இருந்தது; அவரிடம் பதிலும் இருந்தது. நமக்கு மூச்சு மட்டும்தான் இல்லை.