தீம் தேடும் படலம்

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போனா, காலையில ஒன்பது மணிக்கு உள்ள நுழைஞ்சு, கடையில இருக்குற அத்தனையையும் பிரிச்சுப் பாத்துட்டு, சாயங்காலம் முதல்ல காட்டுன புடவையையே எடுத்துட்டு வர்றதுதான் நம்ம வழக்கம். அதுக்காவது ஒரே நாள்ல முடிவு வந்துரும். வெப்சைட்டுக்கு தீம் தேட ஆரம்பிச்ச மனுஷனுக்கு விடிவே கிடையாதுங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். வேர்ட்பிரஸ்ல நீங்க எழுதுறதெல்லாம் ஒரு டேட்டாபேஸ்ல போய் உக்காந்துக்கும். அதை எந்த நிறத்துல, எந்த எழுத்துல, எந்தக் கட்டத்துக்குள்ள காட்டணும்னு சொல்ற ஃபைல்களோட மூட்டைதான் தீம். சட்டை மாதிரி. கழட்டி வேற மாட்டிக்கலாம், உள்ள இருக்குற ஆள் அதே ஆள்தான். இந்த வசதி 2005 பிப்ரவரியில வந்த 1.5 பதிப்புலதான் வந்துச்சு. கூடவே க்யூப்ரிக்னு ஒரு தீமும் வந்துச்சு, மேல நீலப் பட்டை போட்டு. 2010ல ட்வென்டி டென் வர்ற வரைக்கும் அதுதான் டிஃபால்ட். உலகத்துல பாதிப் பேரு அதே நீலப் பட்டையோடதான் திரிஞ்சாங்க. ஆனாலும் எழுதுறவன் விஷயத்தோட எழுதுனா ஆளுங்க தேடி வந்து படிச்சாங்க. (அப்ப நான் அரை டவுசர் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தேன். இதெல்லாம் பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான், நேர்ல பாத்த மாதிரி சீன் போடல.)

இப்ப ஏன் இந்தப் புராணம்னா, கோவில்பட்டியில இருக்குற என் சித்தி பையன். பி.காம். முடிச்சுட்டு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில வசூலுக்கு அலைஞ்சுட்டிருந்தான். அஃபிலியேட் மார்க்கெட்டிங்ல வீட்டுலேர்ந்தே சம்பாதிக்கலாம்னு ஒரு விளம்பரம் பாத்திருக்கான். தொழில் என்னமோ நியாயமான தொழில்தான். நீங்க ஒரு பொருளைப் பத்தி எழுதுறீங்க, உங்க லிங்க் வழியாப் போய் ஒருத்தர் வாங்குனா உங்களுக்குக் கமிஷன். அமேசான் இதை 1996லேர்ந்து நடத்துது. மாட்டுத் தரகு எத்தனை வருஷமா இருக்கு, அதோட பேரன்னு வச்சுக்கோங்க.

இவன் 9,999 ரூபாய் கட்டி ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல சேந்துட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியாது. சித்தி ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணித்தான் தெரிஞ்சுது.

"ஏய்யா, நீ கம்ப்யூட்டர்லதான இருக்க. தம்பி அடுத்த கோர்ஸுக்கு நாப்பத்தஞ்சாயிரம் கேக்கான். வளையலை வச்சுத்தான் குடுக்கணும். நல்லதா கெட்டதான்னு ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுய்யா."

பொட்டி தட்டுறவன்னா பிரிண்டர் ரிப்பேர்லேர்ந்து பங்குச்சந்தை வரைக்கும் தெரியும்னு வீட்டுல நம்புறாங்க. ஆனா இது வளையல் சமாச்சாரம், சிரிச்சுட்டுப் போக முடியல. அடுத்த சனிக்கிழமை ரயிலேறிட்டேன்.

பையன் சைட்டைத் திறந்து காட்டுனான். சும்மா சொல்லக் கூடாது, முகப்பு ஜொலிக்குது. படம் தானா நகருது, கீழ இறங்க இறங்க எழுத்து பறந்து வந்து உக்காருது. "நாலு மாசம் தேடி எடுத்த தீம்ணே"ங்கிறான். பெருமைதான். சரி, கட்டுரை எத்தனைன்னு கேட்டேன். ரெண்டு. ஒண்ணு தீமோடயே வந்த மாதிரிக் கட்டுரை, லத்தீன் மாதிரி ஏதோ உளறும் பாருங்க, அது. இன்னொண்ணு ஏஐ எழுதிக் குடுத்த 'சிறந்த 10 மிக்ஸிகள்'. அந்தப் பத்துல ஒண்ணை இவன் கையால தொட்டது கிடையாது. இப்படி நூறு கட்டுரை இறக்குறதுதான் அடுத்த பாடமாம். தேடல்ல முன்னாடி வர்றதுக்காக யாருக்கும் பிரயோஜனமில்லாத பக்கங்களைக் குவிக்கிறதை கூகிள் 2024 மார்ச்லயே ஸ்பேம் கணக்குல சேத்துருச்சு. யார் எழுதுனது, ஆளா மெஷினாங்கிறது அதுக்கு முக்கியமில்ல. பாடத்துல அது இல்ல.

சித்தியோட போன்ல அந்த முகப்பைத் திறந்தேன். முழுசா வர்றதுக்குப் பதினொரு செகண்ட். முக்கியமான படமோ எழுத்தோ இரண்டரை செகண்டுக்குள்ள கண்ணுக்குத் தெரியணும்னு கூகிள் அளவுகோல் வச்சிருக்கு. ஆனா அளவுகோல் எதுக்கு? சித்தி அதுக்குள்ள போனைக் கீழ வச்சுட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க. வாடிக்கையாளரும் அதைத்தான் செய்வார்.

"இந்த தீம் எவ்வளவுடா?"

"கோர்ஸுக்கு போனஸ்ணே. முந்நூறு பிரீமியம் தீம், ஒரே ஜிப் ஃபைல்ல."

எனக்கு வயித்தைக் கலக்குச்சு. வேர்ட்பிரஸ் தீம்கள்ல நிறைய ஜிபிஎல் உரிமத்துல வர்றது. அந்த உரிமப்படி ஒருத்தர் வாங்குனதை இன்னொருத்தருக்குக் குடுக்குறது தப்பே இல்ல. கேள்வி வேற. காசு வாங்காம முந்நூறைத் தூக்கிக் குடுக்குறவருக்கு அதுல என்ன லாபம்?

ஃபங்ஷன்ஸ் ஃபைலைத் திறந்தேன். தீமோட மூளை மாதிரி அது, ஒவ்வொரு தடவை பக்கம் திறக்கும்போதும் ஓடும். முதல் வரிகளுக்கு நடுவுலயே பேஸ்64ல சுத்தி வச்ச ஒரு நீளமான எழுத்துக் குப்பை. பிரிச்சுப் பாத்தா, வேற எங்கயோ இருக்குற ஒரு சர்வர்கிட்டப் போய் "இன்னைக்கு என்ன காட்டட்டும்"னு கேக்குற கோடு. கூகிள்ல சைட் பேரைப் போட்டுத் தேடுனோம். சூதாட்டம், தூக்க மாத்திரைன்னு தம்பி எழுதாத பக்கங்களா வந்து கொட்டுச்சு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, அதுதான். கடை நம்ம கடை, பிள்ளையார் யாருன்னே தெரியாது. தம்பி பேச்சே இல்லாம ஸ்க்ரீனையே பாத்துட்டிருந்தான்.

இது புதுசும் இல்ல. 2007லயே தீமோட அடியில காசு வாங்கிட்டு லிங்க் ஒளிச்சு வைக்கிறது பெருகிப் போய், வேர்ட்பிரஸ் தன்னோட தீம் பட்டியல்லேர்ந்து அந்த மாதிரி தீம்களைத் தூக்குச்சு. 2011 ஆகஸ்ட்ல டிம்தம்ப்னு படத்தைச் சின்னதாக்குற ஒரு குட்டி ஃபைல், ஏகப்பட்ட தீம்களுக்குள்ள இருந்தது, அதுல ஓட்டை. 2014 டிசம்பர்ல தீம்களோட சேத்துக் குடுத்த ஒரு ஸ்லைடர் ப்ளகின் வழியா லட்சத்துக்கு மேல சைட் மாட்டுச்சு. படம் தானா நகரணும்கிற ஆசை எங்க கொண்டு போய் விடுது பாருங்க. டபிள்யூபி-விசிடின்னு ஒரு கிருமியைப் பத்தி 2019ல வேர்ட்ஃபென்ஸ்காரங்க அறிக்கை போட்டாங்க, அது பரவுனதே ஓசி தீம் வழியாத்தான். ஒரு தீம்ல நுழைஞ்சா பக்கத்துல இருக்குற மத்த தீம்களுக்கும் தொத்திக்கும். தம்பி சைட்ல இருந்ததும் அதோட சொந்தக்காரன் மாதிரிதான் தெரிஞ்சுது.

குடுத்தவங்களுக்கு இது தெரியுமா தெரியாதான்னு நான் தீர்ப்பு சொல்லல. அவங்களும் எங்கேயோ இறக்குனதை அப்படியே கை மாத்தியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது அடுத்த விஷயத்துலதான்.

டொமைன் யார் பேர்ல இருக்குன்னு கேட்டேன். "அவங்களே செட் பண்ணிக் குடுத்தாங்கண்ணே." பாத்தா, பயிற்சி குடுக்குறவங்களோட கணக்குல இருக்கு. அதாவது நாலு மாசமா இவன் கோலம் போட்டுட்டிருந்தது அடுத்தவன் வாசல்ல. கத்துக்குட்டிகளுக்கு முதல் வகுப்புல, முதல் அஞ்சு நிமிஷத்துல சொல்ல வேண்டியது இது: டொமைன் உன் பேர்ல, உன் மெயில்ல, உன் காசுல இருக்கணும். தீமை நாளைக்கே மாத்தலாம், டொமைனை மாத்துனா மறுபடி ஒண்ணாங்கிளாஸ்.

நாப்பத்தஞ்சாயிரம் கோர்ஸுல என்ன இருக்குன்னு பாடத்திட்டத்தை வாங்கிப் பாத்தேன். பாதிக்கு மேல, இதே கோர்ஸை இன்னொருத்தருக்கு எப்படி விக்கிறதுங்கிறதுதான். வித்தா பாதிக் காசு உனக்கு. மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் எங்கேயோ காணாமப் போயிடுச்சு. இந்த ஏணியை அமெரிக்காவுல ஏற்கனவே பாத்துட்டாங்க. மோப்னு ஒரு நிறுவனம் 21 படின்னு சொல்லி, 49 டாலர்ல ஆரம்பிச்சு, அப்புறம் ஆயிரக்கணக்குல மெம்பர்ஷிப் வித்தாங்க. கமிஷன் கிடைக்கணும்னா அதே மெம்பர்ஷிப்பை அடுத்தவங்க தலையில கட்டணும். 2018 ஜூன்ல அந்த ஊரு எஃப்டிசி கோர்ட்டுக்குப் போச்சு. மக்கள்கிட்டேர்ந்து வாங்குனது 12.5 கோடி டாலருக்கு மேலன்னு சொன்னாங்க.

இதை எல்லாம் சொன்னதும் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, உங்களுக்கு ஒண்ணாந்தேதியானா சம்பளம் வருது. நான் அந்தக் கோர்ஸுக்குப் போகலேன்னா ஹோஸ்டிங்னா என்னன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்க வீட்டுல யாராவது சொல்லிக் குடுத்தீங்களா?"

எங்கிட்ட பதில் இல்ல. அவன் சொன்னது உண்மைதான். லேர்ன் வேர்ட்பிரஸ்னு ஓசியிலயே பாடம் இருக்கு, கூகிளோட எஸ்இஓ ஆரம்பக் கையேடு இருக்கு, ஒரு நாள்ல படிச்சுடலாம். ஆனா இருக்குன்னு யார் போய் அவன்கிட்டச் சொன்னா? விளம்பரம் போடுறவங்கதான் கோவில்பட்டி வரைக்கும் வர்றாங்க.

விஷயம் என்னன்னா, சித்தப்பா முப்பது வருஷமா கிரைண்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கார். அந்தக் கடை மூலையில உக்காந்துதான் இவன் யாரோ எழுதுன மிக்ஸி விமர்சனத்தை ஏத்திட்டிருந்தான்! பெல்ட் எப்ப வழுக்கும், எதனால மாவு சூடாகுது, எந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்காம வீட்டம்மாக்கள் மாசக்கணக்கா அலையுறாங்க, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஞாயித்துக்கிழமை அவரைப் பேச விட்டோம். முதல்ல "இதெல்லாம் எவன்டா படிப்பான்"னாரு. அப்புறம் ரெண்டு மணி நேரம் நிறுத்தவே இல்ல. தம்பி அவர் சொல்லச் சொல்ல டைப் பண்ணுனான்.

டொமைன் புதுசா அவன் பேர்லயே வாங்குனோம். வேர்ட்பிரஸோட வர்ற டிஃபால்ட் தீமைப் போட்டு, கீழ "இந்த லிங்க் வழியா வாங்குனா எங்களுக்குக் கமிஷன் வரும்"னு பச்சையா ஒரு வரி. இந்தியாவுல விளம்பரத் தர கவுன்சில் 2021லேர்ந்தே இதைச் சொல்லச் சொல்லுது. விதியை விடுங்க, சித்தப்பா கடைக்கு வர்றவங்ககிட்ட அவர் இப்படித்தான் முகத்துக்கு நேரா பேசுவாரு.

முதல் மாசம் வந்தவங்க முப்பத்தியொரு பேரு. அதுல சித்தி எத்தனை தடவைன்னு கணக்குப் பண்ணல. வருமானம் சைபர். வளையல் இன்னும் பீரோவுலதான் இருக்கு. நாப்பத்தஞ்சாயிரத்தைப் பத்தி தை மாசம் பாத்துக்கலாம்னு தம்பி சொல்லியிருக்கான், வேண்டாம்னு சொல்லல.

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். ஏழாவது கட்டுரை போட்டுட்டானாம். கூடவே, "அண்ணே, ஃபாண்ட் மட்டும் மாத்திக்கவா?"